வலப்பக்கம் வர வேண்டிய வெயில்

விமான நிலையத்தின் பின்பக்கம், பயணிகள் கண்ணில் படாத மூலையில், ஓடி ஓய்ந்த விமானங்கள் நிற்கும். அங்கேதான் டார்ச்சுக்கு வேலை. விமான மெக்கானிக். பட்டப்பகலிலும் கையில் டார்ச் லைட்டோடு சக்கரக் கூண்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வீட்டிலும் அதே கதைதான். அடுப்பு எரியவில்லை என்றால் முதலில் டார்ச் வரும். சிலிண்டர் காலியா என்று பார்ப்பதெல்லாம் அப்புறம். "என் மூஞ்சியையும் ஒரு நாள் டார்ச் அடிச்சுத்தான் பார்க்கப்போறாரு" என்பாள் மனைவி.

முன்பு ஒரு பெரிய விமானக் கம்பெனியில் இருந்தார். அது இழுத்து மூடப்பட்டதும் வீட்டில் உட்கார்ந்து, ஓடாத மிக்ஸியையும் ஓடுகிற மிக்ஸியையும் கழற்றிக்கொண்டிருந்தார். பார்க்கச் சகிக்காமல் மனைவி தன் அண்ணனிடம் பேசினாள். அண்ணன் பழைய விமானங்களை வாங்கி விற்பவர். பல் டாக்டரின் மாடியில் ஓர் அறை, ஒரு மேஜை, கண்ணாடி அலமாரியில் வரிசையாகப் பொம்மை விமானங்கள், ஆபீஸ் அவ்வளவுதான். மூலதனம் பேச்சு. "மாப்பிள்ளை, நீங்க சும்மா இருந்தா எனக்குல்ல அசிங்கம்?" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். அந்த நன்றி டார்ச்சுக்குக் கடைசிவரை இருந்தது. தொல்லையும் அதுதான்.

மச்சான் வாங்கிய விமானங்களில் ஒன்று, டார்ச் பழைய கம்பெனியில் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டது. பயணிகளைச் சுமந்து சலித்து, எஞ்சின் வாயில் துணி கட்டி நின்றிருந்தது. அதை மறுபடி பறக்க வைக்க அவருக்குப் பல மாதம் பிடித்தது. சக்கரக் கூண்டுக்குள் கட்டியிருந்த குருவிக்கூட்டைக்கூட அலுங்காமல் எடுத்து மதில் மேல் வைத்தார். முதல் முறை எஞ்சின் உறுமியபோது பெற்ற பிள்ளை பேசியதுபோல் நின்றார்.

வாங்குகிறவர்கள் தெற்கே ஒரு நாட்டில் புதிதாகத் தொடங்கிய சரக்குக் கம்பெனி என்றார் மச்சான். இந்த வியாபாரத்தில் ஒரு கண்டிப்பு உண்டு. எஞ்சினைச் செய்த நாடு, இன்னின்ன நாடுகளுக்கு இது போகவே கூடாது என்று தடை போட்டிருக்கும். பழசானாலும், பத்துக் கை மாறினாலும், அந்தத் தடை விமானத்தோடு கூடவே வரும்.

"வாங்குறவங்களை நேர்ல பார்த்தீங்களா மச்சான்?"

"பார்க்காமலா? கைகுலுக்கி, ஒண்ணா டீ குடிச்சுட்டு வந்தேன். நீங்க எஞ்சினைப் பாருங்க, நான் ஆளைப் பார்த்துக்கறேன்."

வழியில் ஏதாவது பழுது வந்தால் பார்க்க ஓர் ஆள் கூடப் போக வேண்டும் என்று டார்ச்சையே ஏற்றி அனுப்பினார்கள். இரண்டு விமானிகள், இவர். இருக்கைகளையெல்லாம் கழற்றிவிட்டதால் உள்ளே கல்யாண மண்டபம் காலியானதுபோல் இருந்தது. முன்னால் விட்டுவைத்த ஒரே வரிசையில், ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தார்.

மதியம் சாய்ந்த நேரம். தெற்கே போகிற விமானத்துக்கு வெயில் வலப்பக்கம் வர வேண்டும். வந்துகொண்டும் இருந்தது. கண் அசந்து விழித்தபோது இடப்பக்க ஜன்னல்களில் அடித்தது. டார்ச் முதலில் தன்னைத்தான் சந்தேகப்பட்டார். இடம் மாறி உட்கார்ந்துவிட்டோமோ? பிறகு எழுந்து விமானிகளின் அறைக் கதவைத் தட்டினார்.

"சார், திரும்பிட்டோமா?"

மூத்த விமானி தலையைத் திருப்பவில்லை. "அங்க ஏதோ பிரச்சினையாம். வேற இடத்துல இறங்கச் சொல்றாங்க."

"யாரு சார் சொல்றாங்க?"

"போய் பெல்ட்டைப் போட்டுக்கோங்க."

இன்னொரு விமானி ஜன்னல் வழியே மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ்ஸா என்ன, மணியடித்து இறங்கிக்கொள்ள? திரும்பி வந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். அந்தக் காலிக் கூடத்தில் அவர் ஒருவர் மட்டும் பெல்ட்டோடு உட்கார்ந்திருந்தார்.

இறங்கிய இடம் எது என்று யாரும் சொல்லவில்லை. கட்டிடத்தில் பறந்த கொடியைப் பார்த்ததும் டார்ச்சுக்குப் புரிந்தது. இந்த விமானம் போகவே கூடாத நாடுகளில் ஒன்று. எதிர்பாராமல் வந்த விமானத்துக்கு, வாசல் உயரத்துக்குச் சரியான ஏணி வண்டி தயாராக நின்றது. பக்கத்தில் பெயின்ட் டப்பாக்களோடு ஆட்கள் காத்திருந்தார்கள்.

உள்ளூர் மெக்கானிக்குகள் ஏறி வந்தார்கள். ஒருவர் இவர் வயதுக்காரர், விரல் இடுக்கில் இவருடையதைப் போலவே கருப்பு மசகு. அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டார்: எதில் கவனமாக இருக்க வேண்டும்? டார்ச்சுக்கு வாய் தானாகத் திறந்தது. பின்கதவின் ரப்பர் குளிரில் பிடித்துக்கொள்ளும், வலிந்து இழுக்காதீர்கள் என்றார். இடது சக்கரத்தின் பிரேக் சூடாகும் என்றார். டார்ச் அடித்துக் காட்டவும் செய்தார். அந்த மனிதர் நெஞ்சில் கைவைத்து நன்றி சொன்னார்.

மறுநாள் ஒருவர் வந்து வேறு நாட்டு வழியாக வீட்டுக்கு டிக்கெட் கொடுத்தார். வந்து சேர்ந்ததும் டார்ச் மச்சானுக்குப் போன் போட்டார்.

"எனக்கே இப்பதான் தெரியும் மாப்பிள்ளை. வாங்கினவன் என் தலையில மிளகாய் அரைச்சுட்டான்."

"ஏணி வண்டி ரெடியா நின்னுது மச்சான்."

"நீங்க ரெஸ்ட் எடுங்க" என்றார் மச்சான். சிகிச்சைக்கென்று அந்த வாரமே வெளிநாடு போனவர் திரும்பவில்லை. விமானிகள் இருவரும் எங்கே என்று எவருக்கும் தெரியாது. கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தவர் டார்ச் மட்டும்தான்.

விசாரணைக்கு வந்த பெண் அதிகாரி மரியாதையானவர். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார், தண்ணீர் வாங்கிக் குடித்தார். டார்ச் ஒன்றையும் மறைக்கவில்லை. வெயில் மாறியதைச் சொன்னார், ஏணியைச் சொன்னார், கதவு ரப்பரையும் சொன்னார்.

அதிகாரி பேனாவை நிறுத்தினார். "அவங்களுக்கு விளக்கம் கொடுத்தீங்களா?"

"கேட்டாங்க, சொன்னேன்மா. இழுத்தா கிழிஞ்சிடும்."

"தடை இருக்கிற இடத்துல அந்த விமானத்துக்கு எந்தத் தொழில்நுட்ப உதவி செஞ்சாலும் குற்றம். வித்தது யாருன்னு நாங்க இன்னும் நிரூபிக்கணும். உங்களோடதை நீங்களே சொல்லிட்டீங்க."

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை என்று தோன்றியது டார்ச்சுக்கு. விசாரணை முடியும்வரை என்று சொல்லி அவருடைய லைசென்ஸையும் பாஸ்போர்ட்டையும் வாங்கிப்போனார்கள்.

மகனோடு இருந்த மாமியார் இப்போது இவர்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். "வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாமே மாப்பிள்ளை. ஏணி, கீணின்னு எதுக்கு என் பிள்ளையை மாட்டிவிட்டீங்க?"

"பார்த்ததைத்தான் அத்தை சொன்னேன்."

"பார்த்ததையெல்லாம் சொல்லிடணுமா?"

மனைவி யார் பக்கமும் பேசவில்லை. தட்டு வைக்கும்போது அவளுடைய கை மட்டும் கொஞ்சம் வேகமாகப் பட்டது. ஒரு நாள் கேட்டேவிட்டாள்: "அண்ணனுக்குத் தெரிஞ்சிருக்குமாங்க?"

தெரியும் என்று சொன்னால் அவளுக்கு அண்ணன் போய்விடுவான். தெரியாது என்றால் கண்ணால் கண்டது பொய்யாகிவிடும். "எனக்குப் புரியலை" என்றார். அது உண்மையாகவும் இருந்தது. அந்த டீ குடித்த கதையை எத்தனையோ தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டார். பொய் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று பிடிபடவில்லை.

வக்கீல், "பொறுங்க" என்றார். பொறுத்தார். அந்த அதிகாரி மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர் முதலிலிருந்து தொடங்கினார்: பெயர், வயது, விமானத்தில் எந்தப் பக்கம் உட்கார்ந்தீர்கள்? லைசென்ஸ் எப்போது கிடைக்கும் என்று டார்ச் கேட்டார். "அது என் கையில இல்லீங்க" என்றார் புதியவர். யார் கையில் என்று அவருக்கும் தெரியவில்லை.

இப்போது டார்ச் ஒரு பெரிய துணிக்கடையில் எஸ்கலேட்டர் பார்த்துக்கொள்கிறார். குழந்தைகளின் ஷூ கயிறு மாட்டினால் நிறுத்துவது, எடுத்துவிட்டு ஓடவிடுவது. பழைய சிநேகிதன் ஒருவன் போனில் ஒரு படம் அனுப்பினான்: வேறு வண்ணம், வால் மேல் வேறு எழுத்து, ஏதோ ஓடுபாதையில் அதே விமானம். படத்தைப் பெரிதாக்கிப் பின்கதவைப் பார்த்தார். மூடியிருந்தது. அதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுத் தொலைபேசி அடித்தது. மனைவி குளித்துக்கொண்டிருந்தாள். டார்ச் எடுத்தார்.

"மாப்பிள்ளை…" மச்சானின் குரல் இளைத்திருந்தது. "அம்மா நல்லா இருக்காங்களா?"

கேட்க வேண்டியது எவ்வளவோ இருந்தது. மச்சானிடமிருந்து அழைப்பு வந்தால் தெரிவிக்க வேண்டும் என்று அதிகாரி சொல்லியிருந்தார். சொன்னால் வீட்டில் முகம் பார்க்க முடியாது. சொல்லாவிட்டால் அதுவும் குற்றக் கணக்கில் ஏறும்.

"நல்லா இருக்காங்க மச்சான்" என்றார். "இருங்க, கூப்பிடறேன்."

ரிசீவரை மேஜை மேல் வைத்துவிட்டு மாமியாரை எழுப்பப் போனார்.