நான்கு தாள்களில் கையெழுத்து

எங்கள் தையல் தொழிற்சாலையில் வருகைப் பதிவு இயந்திரத்துக்கு மேலே ஒரு பலகை இருக்கிறது. வேலையிடத்தில் பெண்களிடம் யாராவது தவறாக நடந்தால் யாரிடம் புகார் கொடுக்கலாம் என்று அதில் நான்கு பெயர்கள். மூன்றாவது பெயர், என் பக்கத்து மேசையில் பதினோரு வருடமாகச் சட்டைகளில் பிசிறு நூல் வெட்டும் அக்காவுடையது.

அவளை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. மேனேஜர் ஒருநாள் வந்து, "அதிகம் பேசாத ஆளா ஒருத்தங்க வேணும்" என்றார். எங்கள் வரிசையை மேற்பார்க்கும் லைன் மாஸ்டர் யோசிக்காமல் அக்காவைக் காட்டினார்.

"உங்களுக்கு ஒரு வேலையும் இல்லம்மா. கையெழுத்து மட்டும் போடுங்க" என்றார் மேனேஜர்.

பலகையில் உள்ள நான்கு பேரும் சேர்ந்ததுதான் கமிட்டி; மூன்று மாதத்துக்கு ஒருமுறை அது கூடியாக வேண்டும் என்பது விதி. கூட்டத்துக்கு எழுந்து போனால் அன்றைய கணக்குச் சட்டைகள் முடியாது. அதனால் எங்கள் இடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஜனவரியிலேயே மேனேஜர் நான்கு தாள்களைக் கொண்டுவருவார். நான்கிலும் 'இந்தக் காலாண்டில் புகார் எதுவும் வரவில்லை' என்று அச்சடித்திருக்கும். அக்கா நின்றபடியே நான்கிலும் கையெழுத்துப் போட்டுவிட்டு உட்காருவாள்.

வீட்டில் அவள் கணவருக்கு இது கேலிப் பொருள். "மெம்பர் அம்மா, சாப்பாடு உண்டா, இல்ல அதுக்கும் கூட்டம் போடணுமா?" என்பாராம். அக்காவுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

ஆகஸ்ட் கடைசியில், கழிவறை வாசலில், துணி ஓரம் பிரியாமல் ஓவர்லாக் மெஷினில் தைப்பவள் அக்காவிடம் இரண்டு பக்கம் எழுதிய தாளை நீட்டினாள். நான் கை கழுவிக்கொண்டிருந்தேன். லைன் மாஸ்டர் தையலைப் பார்ப்பதுபோல் குனிந்து அவள் மேல் உரசுவது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஜூன் பதினைந்தாம் தேதி அவள் அவர் கையைத் தட்டிவிட்டாள். மறுநாளிலிருந்து காற்றே வராத மூலை மெஷின் அவளுக்கு. தைத்ததில் பாதி, குறை என்று திரும்பி வந்தது.

"போர்டுல உங்க பேருதானக்கா இருக்கு?" என்றாள்.

அக்கா சுற்றும் முற்றும் பார்த்தாள். ஆனாலும் வாங்கிக்கொண்டாள். மதியமே மேனேஜர் அறைக்குப் போனாள். திரும்பி வந்து நடந்ததை என்னிடம் சொன்னாள். மேனேஜர் அலமாரியிலிருந்து மூன்றாவது தாளை எடுத்துக் காட்டியிருக்கிறார்.

"செப்டம்பர் வரைக்கும் புகார் இல்லைன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. இப்ப இது எங்கிருந்து வந்துச்சு? பொய்க் கையெழுத்துன்னு உங்களத்தான் முதல்ல பிடிப்பாங்க. அடுத்த காலாண்டுல குடுக்கச் சொல்லுங்க."

"அடுத்த தாள்லயும் என் கையெழுத்து இருக்கே சார்" என்றாளாம் அக்கா. அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

புகாரை மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று பலகையிலேயே சின்ன எழுத்தில் இருந்தது. அதாவது செப்டம்பர் பதினைந்துக்குள். இரண்டு வாரம் அக்கா அந்தத் தாளைப் பைக்குள் வைத்துக்கொண்டே வந்து போனாள். அக்கா கடந்து போகும்போதெல்லாம் ஓவர்லாக்காரி தலையை நிமிர்த்தி ஒரு பார்வை பார்ப்பாள், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்குப் பயந்து அக்கா தண்ணீர் குடிக்கப் போவதைக்கூட நிறுத்தினாள். வீட்டில் கணவரும் இப்போது கேலி செய்யவில்லை. "திருப்பிக் குடுத்துரு. ஊர் வம்பு நமக்கெதுக்கு?" என்றார்.

பதினான்காம் தேதி சாப்பாட்டு வேளையில் அக்கா என்னிடம் பேனா கேட்டாள். ஒரு தனித் தாளில் மெதுவாக, எழுத்துக் கூட்டி எழுதினாள்: 'ஆகஸ்ட் இருபத்தொன்பதாம் தேதி இந்தப் புகார் என் கைக்கு வந்தது. கூட்டம் எதுவும் நடந்ததில்லை. நான்கு தாள்களிலும் ஜனவரியிலேயே கையெழுத்துப் போட்டேன்.'

"இது உன் தலைக்கே வினைக்கா" என்றேன்.

"தெரியுது. வேற எப்படி எழுதினாலும் அவ சொல்றது பொய்யாயிடுதே."

பலகையின் அடியில், புகாரை நேராகக் கொடுக்கக்கூடிய அரசு அலுவலகத்தின் முகவரியும் இருந்தது. மறுநாள் அக்காவும் ஓவர்லாக்காரியும் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு அங்கே போனார்கள். எழுத்தர் இரண்டு தாள்களையும் படித்தார்.

"அம்மா, இதக் குடுத்தா உங்க மேலயும் விசாரணை வரும்."

"வரட்டும் சார். நகல்ல இன்னைக்குத் தேதி போட்டுத்தான குடுப்பீங்க?"

முத்திரை விழுந்த நகலை ஓவர்லாக்காரி நான்காக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் அந்த அலுவலகத்திலிருந்து அக்காவுக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. லைன் மாஸ்டருக்கு ஒன்றும் வரவில்லை. அவர் வழக்கம்போல வரிசைக்கு நடுவே நடக்கிறார். அக்காவின் மேசையருகே மட்டும் சற்று அதிக நேரம் நிற்கிறார். ஏற்கெனவே பிசிறு வெட்டிய சட்டையையே அப்போதெல்லாம் அக்கா மறுபடி எடுத்து வெட்டுவாள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அது தெரியும்.

விசாரணை அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி. போக விடுப்பு வேண்டும். விடுப்புச் சீட்டை லைன் மாஸ்டரிடம்தான் நீட்ட வேண்டும். எழுதி முடித்த சீட்டை மேசைமேல் வைத்துக்கொண்டு, அவர் இந்தப் பக்கம் வருவதற்காக அக்கா காத்திருக்கிறாள்.