பெட்டி போடும் பதில்

விழுப்புரத்தில் கேபிளும் இன்டர்நெட்டும் கொடுக்கும் கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை. டிவி சேனலை வீட்டுக்கு வீடு தனித்தனியாக நாங்கள் அனுப்புவதில்லை. மல்டிகாஸ்ட் என்பார்கள், ஒரே தடவை அனுப்பினால், அந்தச் சேனலைக் கேட்டுச் சேர்ந்த செட்டாப் பாக்ஸ்களுக்கு மட்டும் போய்ச்சேரும். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை, சிக்னலைப் பிரித்து அனுப்பும் எங்கள் சுவிட்ச், இன்னும் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்கும். பெட்டிகள் இருக்கிறேன் என்று பதில் போடும். அந்தப் பதில்களைத் திரையில் காட்டும் புரோகிராமை எழுதியவள் நான். படம் நிற்கிறது, சத்தம் வரவில்லை என்று வரும் புகாருக்கெல்லாம் அதைப் பார்த்துப் பதில் சொல்லிச் சொல்லியே அலுத்துவிட்டது.

திண்டிவனத்தில் தனியாக இருக்கும் அப்பா வீட்டிலும் எங்கள் பெட்டிதான். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தபின், வேலை பார்த்த மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மண்டிப் பக்கமே போகக்கூடாது என்று அவரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். அவர் பெட்டி செய்திச் சேனலில் இருப்பதைத் திரையில் பார்த்துவிட்டால் எனக்கு நிம்மதி. நான் அப்படிப் பார்ப்பது அவருக்கும் தெரியும். பேசத் தெம்பில்லாத நாளில் போன் பண்ணமாட்டேன். அந்த மாதிரி நாட்கள் கூடிக்கொண்டே போயின.

ஒரு மதியம் சுவிட்ச் மாற்றத் திண்டிவனம் போனவள், அப்படியே வீட்டுக்கும் போனேன். தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவு. தட்டினேன், பதிலில்லை. அவர் போன் உள்ளேயே அடித்தது. என் போனில் புரோகிராமைத் திறந்தால், அவர் பெட்டி இருக்கிறேன் என்கிறது. உள்ளே விழுந்து கிடக்கிறாரோ என்று கதவை இடித்தேன். சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டம்மா, அவர் தினமும் மண்டிக்குத்தானே போகிறார் என்றார்.

மண்டியில் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எடை போடுகிறவரோடு அப்பா சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது. டிவியைப் போட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்தால் என்ன அர்த்தம் என்று கத்தினேன்.

"டிவிய அணைச்சிட்டுதாம்மா வர்றேன். பொட்டிய மட்டும் ஓட உட்டுடுவேன், நீ பாத்துக்கினு இருப்பேன்னு."

மூட்டை எதையும் தூக்குவதில்லை, சும்மா பேசத்தான் வருவதாகச் சொன்னார். பிறகு குரலை இறக்கினார்.

"வீட்ல இருந்தா நீ பொட்டியதான் கேக்கற, இருக்கியான்னு. இங்க என்னைக் கேக்கறாங்க."

சாப்பிட்டீங்களாப்பா என்று கேட்க வாயெடுத்தேன். அதைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று நினைத்ததும் அழுகைதான் வந்தது.