அப்பாவின் புதுப் பனியன்

எங்கள் ஊரில் ஒருவர் இளைத்துவிட்டார் என்றோ பெருத்துவிட்டார் என்றோ அந்தக் காலத்தில் யாரும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. பனியன் சைஸைத்தான் சொல்வார்கள். "கல்யாணத்தப்ப எம்பத்தஞ்சுங்க, இப்பப் பாருங்க, தொண்ணூத்தஞ்சு" என்று ஒரு புது மாப்பிள்ளையைப் பற்றிச் சொன்னால், மாமியார் வீட்டில் கவனிப்பு பலம் என்று அர்த்தம். திருப்பூரில் வீதிக்கு நாலு பனியன் கம்பெனி இருக்கும்போது வேறு எப்படிப் பேசுவார்கள்? இதில் என் மாமா எல்லோரையும் மிஞ்சியவர். பழனியில் ஆண்டிக் கோலத்தில் நிற்கிற முருகனைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்ட கையோடு, "எழுவத்தஞ்சு தாராளமாப் போதும்" என்று அவர் முணுமுணுத்ததை நான் என் காதால் கேட்டிருக்கிறேன்.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். கட்டிங் மாஸ்டர். எங்கள் வீட்டை ஒட்டிய ஓட்டுக் கொட்டகையில் நாலு மிஷின் போட்டு, கம்பெனிகளுக்குப் பனியன் வெட்டித் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஆளை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தால் போதும், டேப் தேவையில்லை. அவர் வெட்டியதில் குறை இருக்கிறது என்று யாராவது சொல்லிவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

அப்பா தொண்ணூற்றைந்து. ஒரு கம்பெனியில் நிட்டிங் மிஷின் ஓட்டினார். மற்ற நேரமெல்லாம் தொழிலாளர் சங்கம். முதலாளிகள் எதிரே மேஜையைத் தட்டிப் பேசுவார் என்று ஊரில் சொல்வார்கள். நான் அதை நம்பியதே இல்லை. வீட்டில் அம்மா பேச்சுக்கு அவர் மறுபேச்சுப் பேசி நான் பார்த்தது கிடையாது. பீடியை விடும்படி டாக்டர் சொன்னார், சங்கத்து ஆட்கள் சொன்னார்கள், கேட்கவில்லை. ஒரு நாள் அம்மா அடுப்படியிலிருந்து திரும்பிக்கூடப் பார்க்காமல், "அந்தக் கருமத்தத் தூக்கி எறியுங்க" என்றாள். அத்தோடு சரி.

எமர்ஜென்சி வந்த பிறகு ஒரு காலையில் போலீஸ்காரர்கள் வந்தார்கள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, "சாயங்காலம் வந்துருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். வரவில்லை. வழக்கு கிடையாது, கோர்ட்டு கிடையாது. எப்போது விடுவார்கள் என்று போய்க் கேட்கிற இடமும் கிடையாது. வெளியூர்ச் சிறையில் வைத்திருக்கிறார்கள் என்பதே பல நாள் கழித்துத்தான் தெரிந்தது.

எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுகிறார்கள் என்று ஒரு பேச்சு இருந்தது. இனிமேல் சங்கம், கூட்டம் எதற்கும் போக மாட்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் வீதியிலேயே ஒருத்தர் போட்டுவிட்டு வந்தார். அவரை யாரும் குறை சொல்லவில்லை. அவருக்கு மூன்று பிள்ளைகள். அவர் சம்சாரம் எங்கள் வீட்டுக்கு வந்து, "ஒரு கையெழுத்துதானுங்க அம்மிணி. உங்க ஊட்டுக்காரருகிட்ட நீங்க சொன்னாக் கேப்பாரு" என்றாள்.

"எங்கீங்க சொல்றது? பாக்க உட்டாத்தானே?" என்றாள் அம்மா.

சிறையில் இருப்பவரைப் பார்க்கப் போவதற்கு 'மனுப் பார்க்கப் போவது' என்று பெயர். மாதம் ஒரு தடவை மாமாதான் போய்வந்தார். அம்மா கிளம்பும்போதெல்லாம், "புது ஆபீசர் வந்திருக்கறாரு, பொம்பளையாளுகள உடறதில்லையாமா" என்று தடுத்துவிடுவார். அந்த ஆபீசர் மாதா மாதம் புதிதாகவே இருந்தார். அம்மா அந்த முகம் தெரியாத ஆபீசரை வாய் வலிக்கத் திட்டிவிட்டு, சோப்பு, வறுத்த கடலை, எலுமிச்சங்காய் ஊறுகாய், வேட்டி, மாமா தைத்த பனியன் எல்லாம் வைத்துப் பொட்டலம் கட்டிக் கொடுப்பாள். அம்மாவின் வாய் எங்கள் வீதியில் பிரசித்தம். மனதில் ஒன்று தோன்றி அது வெளியே வர ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனதாகச் சரித்திரம் இல்லை.

அப்பா போன பிறகு நான் அவருடைய பழைய பனியனைப் போட்டுக்கொண்டு தூங்க ஆரம்பித்திருந்தேன். ஏன் என்று கேட்டால் பாவாடை நாடா குத்துகிறது என்பேன். அது எனக்குக் கெண்டைக்கால்வரை தொங்கும். ஒரு தோளில் நின்றால் மறு தோளில் நிற்காது. அதில் அப்பா வாசனை போய் வெகுநாளாகியிருந்தது. ஆனாலும் அதை விட எனக்கு மனமில்லை.

நான் நாலாவது படித்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் மாமா மனுப் பார்க்கப் போக வேண்டும். புதுப் பனியனை மடித்து, குண்டூசி குத்தி, கழுத்து லேபிள் மேலே தெரியும்படி கொண்டுவந்து பொட்டலத்தின் மேல் வைத்தார். லேபிளில் தொண்ணூற்றைந்து என்று இருந்தது. "பிரிச்சுராத அம்மிணி, மடிப்புக் கலஞ்சுரும்" என்று சொல்லிவிட்டுப் புழக்கடைப் பக்கம் கை கழுவப் போனார்.

அம்மாவைத்தான் பிரிக்க வேண்டாம் என்றார், என்னை ஒன்றும் சொல்லவில்லையே. ஊசியை உருவிப் பனியனை எடுத்துச் சட்டைக்கு மேலேயே மாட்டிக்கொண்டேன். அது முழங்காலோடு நின்றுவிட்டது. தோளிலும் நழுவாமல் பிடித்துக்கொண்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"அம்மா! நான் வளந்துட்டனுங்கம்மா! அப்பா பனியன் பாருங்க, முழங்காலுக்குத்தான் வருது!"

ஈரக் கையோடு வந்த அம்மா சிரித்தாள். "திங்கற சோறு பொறகு எங்கடி போகும்?" என்றாள். கிட்டே வந்து என்னைத் தோளைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். அப்புறம் அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

"கழட்டு."

பனியனை வாங்கிக்கொண்டு நேரே கொட்டகைக்குப் போனாள். கம்பெனிக்குப் போக வேண்டிய பண்டலிலிருந்து தொண்ணூற்றைந்தில் ஒன்றை உருவி வந்து கட்டிலில் விரித்தாள். அதன் மேல் அப்பாவின் புதுப் பனியனை விரித்தாள். அடியில் இருந்தது, வயலைச் சுற்றிய வரப்பு மாதிரி, மேலே இருந்ததைச் சுற்றி நாலு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தது. அந்த மிச்சத்தின் மேல் அம்மா விரலை ஓட்டிக்கொண்டே வந்தாள்.

நான் வளரவில்லை என்பது எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் மாமாவின் தப்பையே கண்டுபிடித்துவிட்டேனே என்று அதைவிடப் பெரிய குஷி. "மாமா லேபிள் மாத்தி அடிச்சுட்டாருங்கம்மா!" என்று கத்தினேன். துண்டில் கை துடைத்துக்கொண்டு வந்த மாமா வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"அண்ணா, இது என்ன சைஸு?" என்றாள் அம்மா.

மாமா கட்டிலைப் பார்த்தார். "எம்பது, அம்மிணி" என்றார். "மஞ்சக்காமாலை வந்து போச்சு. சோறே எறங்கல. இப்பத் தேவலை. பழசு கழுத்துல இருந்து தொங்கறத என்னால பாக்க முடியல. சைஸா ஒண்ணு போட்டுக்கட்டுமேன்னுதான்... நீ பாத்தா மனசு வெம்புவயேன்னு லேபிள மட்டும் பழசையே வெச்சேன்."

"நான் போயிப் பாத்துக்கறேன். எந்த ஆபீசரு தடுக்கறான்னு பாத்தர்றேன்."

"ஆபீசரெல்லாம் ஒருத்தரும் தடுக்கல. நாந்தான் பொய் சொன்னேன்." மாமா துண்டை முறுக்கிக்கொண்டே இருந்தார். "மாப்பிள்ளைதான் உன்னக் கூட்டிட்டு வரக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. 'என்னைப் பாத்துத்தான் இங்க நாலு சின்னப் பசங்க கையெழுத்துப் போடாம இருக்கறாங்க மச்சான். இவுங்க அடிக்கறதெல்லாம் தாங்கிருவேன். அவ எதுக்க வந்து நின்னு, வாங்க ஊட்டுக்குப் போலாம்னு ஒரு வார்த்தை சொன்னான்னா அடுத்த நிமிசம் போட்டுருவேன். அதனால கூட்டிட்டு வராதீங்க'ன்னாரு."

அம்மா பனியனை மடித்தாள். அவிழ்த்தாள். மறுபடியும் மடித்தாள். "பொண்டாட்டிக்குப் பயந்துட்டு செயிலுக்குள்ள ஒளிஞ்சுக்கற ஆம்பளய நான் இப்பத்தான் பாக்கறேன்" என்றாள். பிறகு, "எம் பேரையும் இவ பேரையும் சேத்து மனுப் போடுங்க" என்றாள்.

அனுமதி வர ஒரு வாரம் ஆயிற்று. அந்த ஒரு வாரமும் அம்மா யாரையும் திட்டவில்லை. மாமாவுக்குப் பயம் வந்துவிட்டது. வீதியோ ஒரே முடிவாக இருந்தது: அம்மிணி போகிறாள், இனி அவர் வந்துவிடுவார். கையெழுத்துப் போட்டவர் சம்சாரம் முழம் முழமாகப் பூ கட்டிக்கொண்டு வந்து அம்மா தலையில் வைத்துவிட்டாள். கையெழுத்தும் சங்கமும் எனக்குப் பிடிபடவில்லை. எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான். அம்மா போய் 'வாங்க ஊட்டுக்குப் போலாம்' என்று சொன்னால் அப்பா வந்துவிடுவார். ரொம்பச் சுலபம். வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பாவுக்கு ஜன்னலோரம், அவர் மடியில் நான் என்பதுவரை முடிவு செய்திருந்தேன்.

சிறையில் ஒரு நீள அறை. நடுவில் கம்பிவலை. ஓரத்தில் ஒரு அதிகாரி நாற்காலி போட்டு நாங்கள் பேசுவதைக் கேட்க உட்கார்ந்திருந்தார். உள்ளேயிருந்து வந்தவரை எனக்கு உடனே அப்பா என்று தெரியவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்த பிறகுதான் தெரிந்தது. அந்தச் சிரிப்புக்கு நான் எவ்வளவு ஏங்கிப்போயிருந்தேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. சட்டைக்குள் பழைய பனியனின் கழுத்து தொங்கிக்கொண்டிருந்தது.

அப்பா மாமாவை ஒரு பார்வை பார்த்தார். மாமா தரையைப் பார்த்தார். அப்புறம் அப்பா இரண்டு கையாலும் வலையைப் பிடித்துக்கொண்டு, பரீட்சை முடிவு கேட்க நிற்கிற பையன் மாதிரி அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அம்மாவும் பார்த்தாள். கன்னத்தைப் பார்த்தாள், கழுத்தெலும்பைப் பார்த்தாள், வலையைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தாள். சொல்லப் போகிறாள் என்று நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"ஏனுங்க, இந்தப் பனியன் இப்பிடி லூசாக் கெடக்குது? அண்ணன் கட்டிங்ல கோட்ட உட்டுட்டாருங்க. கழுத்த எத்தத்தண்டி வெட்டி வெச்சிருக்கறாரு பாருங்க. புதுசு கொண்டாந்திருக்கறேன். இது சரியா இருக்கும்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாமாவாவது, தப்பாக வெட்டுவதாவது! நான் வாயைத் திறப்பதற்குள் அம்மாவின் விரல்கள் என் கையில் ஒரு கிள்ளு வைத்தன. மாமாவைப் பார்த்தேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "ஆமாங்க மாப்பிள்ளை, கத்திரி ஏமாத்திப்போட்டுது" என்றார்.

அதற்கு மேல் அம்மா பேசியதெல்லாம் உப்புப் பெறாத பேச்சு. கொட்டகையில் ஓடு மாற்றிய கதை. நான் கணக்கில் முட்டை வாங்கிய கதை, அதை அந்த அதிகாரி முன்னாலேயே சொன்னாள். பால்காரர் தண்ணீர் ஊற்றுகிற கதை. அப்பா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வேறு எதற்கோ காத்துக்கொண்டிருந்தார். நானும் காத்துக்கொண்டிருந்தேன். நேரம் ஆகிவிட்டது என்று அதிகாரி எழுந்தார்.

"வேற ஒண்ணுஞ் சொல்லலியா?" என்றார் அப்பா.

"வேறென்னங்க இருக்குது? காமாலை வந்த ஒடம்புக்கு ஆகாதுன்னு இந்தத் தடவ ஊறுகா வெக்கலீங்க. மோரு குடுத்தா வாங்கிக் குடியுங்க. அவ்வளவுதானுங்க."

அப்பா சிரிக்க ஆரம்பித்தார். அதிகாரி திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார். சிரித்துக்கொண்டே தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உள்ளே போகும்போது என்னைப் பார்த்துக் கையாட்டினார். அவர் நடை வந்தபோது இருந்ததைவிட வேகமாக இருந்தது. எனக்கானால் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இவ்வளவு தூரம் வந்து, இவ்வளவு பேசி, அந்த ஒரு வார்த்தையை மட்டும் விட்டுவிட்டாளே!

பஸ்ஸில் அப்பாவுக்கென்று நான் பிடித்து வைத்த ஜன்னலோரத்தில் அம்மாதான் உட்கார்ந்தாள். ஊர் எல்லை தாண்டியதும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அம்மா அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. மாமா எங்களைப் பார்க்காமல் எதிர்ப்பக்கத்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். பாவம், பேச்சு மும்முரத்தில் மறந்தது இப்போது நினைவுக்கு வந்திருக்கிறது என்று நினைத்தேன். எனக்கும் மனப்பாடச் செய்யுள் அப்படித்தான் வகுப்பை விட்டு வெளியே வந்த பிறகு நினைவுக்கு வரும். அந்தத் துக்கம் எனக்குத் தெரியும். என் கோபமெல்லாம் போய்விட்டது. அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

"அழுவாதீங்கம்மா. அடுத்த தடவ மறக்காமச் சொல்லிருங்க."

அம்மா என்னை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். "சரி கண்ணு" என்றாள்.

கடைசியில் எல்லோரையும் விட்டபோதுதான் அப்பாவையும் விட்டார்கள். அதுவரை அம்மா மாதம் தவறாமல் என்னையும் கூட்டிக்கொண்டு மனுப் பார்க்கப் போனாள். ஒவ்வொரு தடவையும் வாசலில் வைத்தே நான் நினைவுபடுத்துவேன். அவளும் சரி சரி என்று தலையாட்டுவாள். உள்ளே போய் அப்பாவைப் பார்த்ததும் ஓடு, பால், மழை என்று எதையெதையோ பேசிவிட்டு, அதை மட்டும் மறந்துவிட்டு வந்துவிடுவாள். இப்படி ஒரு மறதிக்காரியிடம் அகப்பட்டுக்கொண்டாரே அப்பா என்று எனக்கு அவரை நினைத்துத்தான் பாவமாக இருந்தது.