விரல் நுனியில் பசை

ஜெர்மன் சண்டை நடந்த காலம். ஆபீஸுக்காக ஹவுராவிலிருந்து கல்கத்தாவுக்கு வரும் படகில் தினமும் ஒரு தமிழரைச் சந்திப்பேன். வழுக்கைத் தலை, கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு. என்ன உத்தியோகம் என்றால், "சர்க்கார் வேலை" என்பதோடு சரி. விரல் நுனியில் காய்ந்த பசையை உரித்துக்கொண்டே இருப்பார்.

என் தம்பி பட்டாளத்தோடு பஸ்ராவுக்குப் போயிருப்பதை அவரிடம் சொல்லியிருந்தேன். ஒருநாள் கேட்டார்: "பஸ்ராவுல இருக்கிற உங்க தம்பிக்குக் காய்ச்சல் விட்டுருச்சா?"

"காய்ச்சலா? அவன் ஒண்ணும் எழுதலையே!"

அவர் முகம் வெளுத்தது. "வேற யாரையோ நெனச்சுக் கேட்டுட்டேன்."

மூன்றாம் நாள் தம்பியின் கடிதம் வந்தது. காய்ச்சலாம். உறையைப் பிரித்து மறுபடி ஒட்டியிருந்தார்கள். சிப்பாய்களின் தமிழ்க் கடிதங்களை ராணுவ உளவுப் பிரிவுக்காகப் படிப்பவர் இவர்தான் என்று அப்போது புரிந்தது. கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் மறுநாள் அவர் முகத்தைத்தான் தேடினேன். லேசாகத் தலையசைத்தார். அப்படியென்றால் தம்பி சௌக்கியம். அதுவே எங்கள் வழக்கமாயிற்று.

ஒரு திங்கட்கிழமை, என்னைக் கண்டதும் அவர் படகின் மறுகோடிக்குப் போய் முதுகைக் காட்டி நின்றார். கரை சேரும்வரை திரும்பவே இல்லை.

அன்று வீட்டில் தம்பி மனைவி, "கடுதாசி வந்துதா மாமா?" என்றாள்.

"வரும்மா," என்றேன். தபால் வர இன்னும் மூன்று நாள் இருந்தது.