கப்பல் சமையலுக்கு ஒரு லைசென்ஸ்

கப்பலில் மேல்தள வேலைக்குப் போவதாகத்தான் எங்கள் மீனவக் குப்பத்திலிருந்து கிளம்பினேன். சென்னையில் மருத்துவப் பரிசோதனை. காது, பல், நெஞ்சு எல்லாம் சரியாக இருந்தன. கடைசியில் டாக்டரம்மா ஒரு அட்டையை நீட்டினார். வட்டத்துக்குள் வண்ண வண்ணமாகப் புள்ளிகள்.

"இதுல என்ன நம்பர் தெரியுது?"

"நம்பரா? புள்ளிதாம்மா தெரியுது."

இன்னும் சில அட்டைகளைக் காட்டினார். எல்லாமே புள்ளிதான். சிவப்பையும் பச்சையையும் என் கண் சரியாகப் பிரிக்காது என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. எதிரே வரும் கப்பலின் விளக்கு சிவப்பா பச்சையா என்று சொல்லத் தெரியாதவனை மேல்தளத்தில் நிறுத்த மாட்டார்கள். அது நியாயம்தான். ஆனால் அப்போது நாற்காலியை விட்டு எழாமல் அந்த அட்டையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே கூட்டம் காத்திருந்தது. டாக்டரம்மா என்னை அவசரப்படுத்தவில்லை. தண்ணீர் கொடுக்கச் சொன்னார். "சமையல் பிரிவுக்கு இது தடையில்லப்பா. அதுக்கும் படிப்பு இருக்கு, பரீட்சை இருக்கு, லைசென்ஸ் இருக்கு. விசாரிச்சுப் பாரு" என்றார். அதைச் சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. அவர் சொல்லியிருக்காவிட்டால் அப்படி ஒரு வழி இருப்பதே எனக்குத் தெரிந்திருக்காது.

குப்பத்தில் சிரித்தார்கள். "வலை போடறவன் புள்ள கப்பல்ல சோறாக்கப் போறானாம்." நைனா, அதாவது அப்பா, கிழிந்த வலையைத் தைக்க உட்கார்ந்துவிட்டார். அம்மாதான், "ஆக்குனா இன்னா? கப்பல்ல இருக்கறவனுக்குப் பசிக்காதா?" என்றாள்.

படித்து முடித்து, சமையல் உதவியாளாகக் கப்பல் ஏறி, தேவையான கடல் அனுபவத்தோடு ஊர் திரும்பினேன். அடுத்தது சமையல்காரருக்கான லைசென்ஸ் பரீட்சை. மீன், கறி எதிலும் பயமில்லை. ரொட்டிதான் பயம். பொன்னிறமானதும் எடுக்க வேண்டும் என்பார்கள். என் கண்ணுக்கு வெந்ததும் வேகாததும் ஏறக்குறைய ஒரே நிறம்.

பழவேற்காட்டில் என்னோடு பள்ளியில் படித்தவன் ஒருவன் அவன் வாப்பாவின் பேக்கரியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன்.

"இதுக்குக் கண்ணு எதுக்கு மச்சான்? நாளைக்குக் காலைல வா."

போனேன். மாவு பிசையக் கொடுத்தான். அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டியைத் துணியோடு பிடித்துக் கவிழ்த்து, அடியில் விரலால் தட்டச் சொன்னான். வேகாதது அமுங்கிப்போய்த் 'தொம்' என்றது. வெந்தது காலி டப்பாவைப் போல 'டொக்' என்றது. மூக்கையும் பழக்கினான். பச்சை மாவு வாசம் போய், வறுத்த கடலை போல ஒரு மணம் எழும்பும்போது எடுக்க வேண்டும். நான் கெடுத்த ரொட்டியெல்லாம் அவன் வீட்டு ஆடுகளுக்குப் போனது. ஒரு நாளும் அவன் முகம் சுளிக்கவில்லை.

பரீட்சையில் நான் ரொட்டியைக் காதருகே வைத்துத் தட்டியதும் தேர்வாளர் பக்கத்தில் வந்துவிட்டார்.

"என்ன பண்றீங்க?"

"சத்தம் கேக்கறேன் சார். எனக்கு நிறம் சரியாப் புடிபடாது."

சொல்லியிருக்கக் கூடாதோ என்று தோன்றியது. அவர் ரொட்டியை அறுத்து, உள்ளே அழுத்திப் பார்த்து, ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டார்.

"கோழி வெந்துச்சான்னு எப்படிப் பாப்பீங்க?"

"தெர்மாமீட்டர் குத்திப் பாப்பேன் சார்."

"எல்லாருமே அப்படித்தான் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.

தேறிவிட்டேன். பேக்கரிக்காரன் போனில் போட்ட சத்தத்தில் என் காது அடைத்துக்கொண்டது.

மறுநாள் மீன் ஏலம் நடக்கும் இடத்தில், நைனா நாலு பேரை நிறுத்தி வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். "என் புள்ள கப்பல்ல பெரிய ஆபீசரு."

எனக்குக் கூச்சமாகிவிட்டது. "சமையல்காரன் நைனா" என்றேன்.

"அதாண்டா சொல்றேன்" என்றார் அவர், கொஞ்சமும் அசராமல். "கேப்டனே ஆனாலும் சோத்துக்கு உங்கிட்டதான வந்து நிக்கணும்?"