எதுக்குங்க சத்தம் போடறீங்க?

1998-ஆம் ஆண்டு. காங்கேயத்தில் ஒரு எண்ணெய் ஆலை அலுவலகத்தில் கம்ப்யூட்டரில் பில் அடித்துக்கொண்டிருந்தேன். பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்தியவன். லினக்ஸ் என்ற இயங்குதளமும் நெட்வொர்க்கிங்கும் படித்துச் சான்றிதழ் வாங்கினால் கோவையில் நல்ல வேலை கிடைக்கும் என்று சொன்னார்கள். ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்தேன். ஆறு மாதம், சனி ஞாயிறு தவறாமல் பஸ்ஸில் போய் வந்தேன்.

அங்கே லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டர் ஒன்றே ஒன்று. அதைக் கண்ணாடி அறைக்குள் ஏ.சி. போட்டுப் பூட்டி வைத்திருந்தார்கள். வெளியே நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். பாடமெல்லாம் போர்டில். ஆசிரியர் ஒவ்வொரு கட்டளையையும் முத்து முத்தாக, ஆங்கிலப் பெரிய எழுத்துகளில், அதாவது கேபிட்டல் லெட்டரில், எழுதுவார். நாங்கள் வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்வோம். ஒரு தடவை தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்க ஆசைதான். கூச்சம் விடவில்லை. கடைசியில் எல்லோருக்கும் 'முதல் வகுப்பு' என்று சான்றிதழ் கொடுத்தார்கள்.

அதை எடுத்துக்கொண்டு ஒரு கம்பெனித் தேர்வுக்குப் போனேன். படித்தபடியே ஒரு கட்டளையை அடித்தேன். அப்படி ஒரு கட்டளையே கிடையாது என்றது திரை. அடுத்ததும் கிடையாது. பத்து அடித்தேன், பத்தும் கிடையாது. வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

தேர்வு வைத்த பெண்மணி பின்னாலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார். "ஏனுங்க, எதுக்குங்க இப்படிச் சத்தம் போடறீங்க?"

"நானுங்களா? நான் வாயே தொறக்கலீங்களே!"

"பெரிய எழுத்துல அடிச்சா கத்தற மாதிரிங்க. லினக்ஸ் காதுலயே வாங்காது. சின்ன எழுத்துல அடிங்க, கேட்டுக்கும்."

ஆலையில் நான் பழகிய கம்ப்யூட்டருக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்றுதான். லினக்ஸுக்கு அப்படியில்லை என்பது முதல் நாளே சொல்லித்தர வேண்டிய சங்கதி. சின்ன எழுத்தில் அடித்ததும் எல்லாம் ஓடியது. ஆனால் நேரம் முடிந்துவிட்டது. வேலை இன்னொருவருக்குப் போனது.

நேரே பயிற்சி மையத்துக்குப் போய் உரிமையாளரிடம் நடந்ததைச் சொன்னேன்.

"அதான் சர்டிபிகேட் குடுத்துப்போட்டமுங்களே கண்ணு, இன்னும் என்னங்க வேணும்?" என்றார்.

ஒரு 'ங்க' குறையவில்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஏமாற்றுவதிலும் இத்தனை மரியாதையா?

உள்ளே புது வகுப்பு நடந்துகொண்டிருந்தது. போர்டு முழுக்க அதே பெரிய எழுத்துகள். "இதுல ஒண்ணுகூட ஓடாதுங்க! அந்தக் கண்ணாடி ரூமைத் தொறக்கச் சொல்லி அடிச்சுப் பாருங்க!" என்று கத்தினேன். பள்ளியில் பேர் கேட்டாலே தலையைக் குனிந்துகொள்பவன் நான்.

ஆசிரியர் சாக்பீஸைக் கீழே வைத்தார். "எனக்கே அந்த ரூம் சாவியக் குடுத்ததில்லீங்க" என்றார், யார் முகத்தையும் பார்க்காமல்.

பிறகு வேறு இடத்தில் தொட்டுப் படித்து, உண்மையான தேர்வில் தேறி, இன்றும் இதே தொழிலில்தான் இருக்கிறேன். ஆனால், அந்த ஆறு மாதம் வாயை மூடிக்கொண்டு கண்ணாடிக்கு வெளியே நின்றேனே, அந்தக் கோபம் மட்டும் அவர்கள் மேல் பாதி, என் மேல் பாதியாக இன்னும் ஆறவில்லை.