நடுவில் யாரும் இல்லாத படம்

நாற்பத்திரண்டு வயது வரை ஹிதாயத்துல்லா தனக்குப் பிடித்ததை வரைந்ததே இல்லை. வரைவதற்கு நேரமும் இருந்ததில்லை. திருப்பூர் காதர்பேட்டையில் ஒரு மாடியறையில் உட்கார்ந்து பனியன் பெட்டிகளுக்கு லேபிள் படம் போடுவது அவர் தொழில். அன்னம், கிளி, குத்துச்சண்டைக்காரன், தொட்டிலில் சிரிக்கும் குழந்தை என்று கம்பெனிக்காரர்கள் எதைக் கேட்டாலும் வரைந்து கொடுப்பார். கல்கத்தாவிலும் பம்பாயிலும் கடை அலமாரிகளில் அவருடைய சிங்கங்கள் அடுக்கடுக்காக நின்றன. ஒன்றில்கூட அவர் பெயர் கிடையாது. அதற்காக அவர் வருத்தப்பட்டதும் கிடையாது.

1987-ல் அவருடைய சிநேகிதர், பல்லடம் பள்ளி ஓவிய ஆசிரியர் குமாரவேல், கையில் செய்தித்தாளோடு மூச்சு வாங்க மாடியேறி வந்தார். டெல்லியில் ஒரு கலை அமைப்பு உதவித்தொகை அறிவித்திருந்தது. பல வருடங்கள் ஒரு துறையில் உழைத்தவர்களுக்கானது அது. ஓராண்டுக்கு வழக்கமான வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு, கலைஞரோ ஆய்வாளரோ தாமாக விரும்பி எடுத்துக்கொண்ட காரியத்தைச் செய்யலாம்.

"இதெல்லாம் பெரிய ஆளுகளுக்குங்க, வாத்தியாரே."

"நீங்க சின்ன ஆளுன்னு ஆருங்க சொன்னாங்க?" என்றார் குமாரவேல்.

சென்னையில் நேர்காணல். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். 'திருப்பூரின் வரலாறு ஓவியங்களில்' என்று குமாரவேல் சொல்லிக் கொடுத்ததை ரயிலில் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தார் ஹிதாயத்துல்லா. கண்ணாடி போட்ட அம்மையார் ஒருவர், "ஒரு வருஷத்துல என்ன செய்யப்போறீங்க?" என்று கேட்டதும் எல்லாம் பறந்துவிட்டது.

"தெரியலீங்கம்மா" என்றார். "இத்தனை வருசமா மத்தவங்க கேட்டதைத்தான் வரஞ்சேன். ஆரும் ஒண்ணும் கேக்கலீன்னா என்ன வரைவேன்னு எனக்கே பாக்கோணும்னு ஆசையா இருக்குதுங்க."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மையார் சிரித்துவிட்டார். காரியம் கெட்டது என்று நினைத்துக்கொண்டே ஹிதாயத்துல்லா ஊர் திரும்பினார். ஆனால் மாதக் கடைசியில் உதவித்தொகை கிடைத்துவிட்டதாகச் செய்தி வந்தது. மனைவி ஜெய்புன்னிசா பெரிய சட்டியில் பாயசம் காய்ச்சித் தெரு முழுக்கக் கொடுத்தாள்.

அதன் பிறகுதான் சங்கடம் ஆரம்பித்தது. பல்லடம் கோழிப்பண்ணைக்குப் போய் வரைந்தார். கோழி நட்டநடுவில் வந்து நின்றது. அதன் பின்னால் சூரியக் கதிர்கள் தாமாகவே விரிந்தன. சோமனூருக்குப் போய்த் தறி ஓட்டுகிறவரை வரைந்தார். அவரைச் சுற்றி ஒரு முட்டை வடிவ வளையம் விழுந்துவிட்டது. லேபிள் போட்டே பழகிய கை, தன் தடத்தைவிட்டு நகர மறுத்தது.

கடைசியில் மனைவியையே உட்காரவைத்து வரைந்தார். ஜெய்புன்னிசா ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவைக் கவனித்துக்கொள்பவள். துணியில் ஒரு நூல் விட்டுப் போயிருந்தாலும் அவள் கண்ணில் பட்டுவிடும். படத்தைத் தூரத்தில் வைத்துப் பார்த்தாள், பக்கத்தில் வந்தும் பார்த்தாள்.

"நல்லாத்தாங்க இருக்குது. கீழ மட்டும் ரெண்டு விரக்கடை எடம் சும்மா உட்டிருக்கீங்களே, அங்க என்ன எழுதப் போறீங்க? எம்பத்தஞ்சு சைசா, தொண்ணூறு சைசா?"

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் அவருக்கு மனது கனத்தது. வருடத்தில் பாதி போய்விட்டது. "போதுங்க பாய், வந்து ஒரு மயில் போட்டுக் குடுங்க" என்று பழைய வாடிக்கையாளர் ஆத்தப்பன் வேறு ஆள்விட்டுக்கொண்டிருந்தார். மயிலையே போட்டுவிடலாமா என்றுகூட யோசித்தார்.

ஐப்பசியில் ஒரு மதியம் மங்கலம் ரோட்டோரம், சாயம் போட்ட துணிகளைக் காயப்போடும் வெட்டவெளிக் காட்டுக்கு வரைபலகையோடு போனார். சிவப்பு, மஞ்சள், கருநீலம் என்று நீள நீளமான பனியன் துணிகள் தரை முழுக்க விரிந்து கிடந்தன. அவற்றைக் காயவைத்து எடுக்கும் பெண்களுக்குத் தலைவி மாதிரி இருந்தவள் தெய்வாத்தாள். அவளை நடுவில் நிறுத்தி வரையலாம் என்று அவர் பென்சிலைச் சீவிக்கொண்டிருக்கும்போதே பல்லடம் பக்கமிருந்து மழை இரைந்துகொண்டு வந்தது.

"மழடீ! எடுங்கடீ!"

பெண்கள் நாலா திசையிலும் ஓடினார்கள். பலகையைப் பிடித்தபடி நின்றவரைத் தெய்வாத்தாள் பார்த்தாள்.

"ஏனுங்க பாய், பொம்மை எழுதுனது போதும்! அந்த மொனையப் புடிங்க!"

அவர் பலகையைப் போட்டுவிட்டு ஓடினார். ஈரத் துணியை வாரித் தோளில் போட்டதும் சாயம் சட்டையெங்கும் வழிந்தது. ஒருத்தி சறுக்கி விழுந்தாள். அவளைத் தூக்கப் போனவளும் விழுந்தாள். அள்ளிக்கொண்டு போன துணி காலில் சுற்றி அவரும் சேற்றில் உட்கார்ந்தார். எல்லாத் துணியையும் கொட்டகைக்குள் சேர்த்தபோது யாராலும் பேச முடியவில்லை, அவ்வளவு சிரிப்பு. வரைபலகை வெளியே நனைந்து கிடந்தது.

பாதி சிவப்பும் பாதி நீலமுமாக வீட்டுக்குப் போனவர், மறுநாள் விடிந்ததும் சோமனூர்க் காடாத் துணியைச் சுவர் அகலத்துக்கு இழுத்துக் கட்டி வரைய ஆரம்பித்தார். படத்தின் நடுவில் யாருமே இல்லை. அங்கே மழை அறைகிற வெறும் மண்ணும் சாயம் கரைந்த தண்ணீரும்தான். ஆட்கள் எல்லோரும் ஓரங்களை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி ஏற்கெனவே படத்தைவிட்டு வெளியே போய்விட்டாள். அவளுடைய ஒரு கால் மட்டும் பாக்கி இருந்தது.

ஜெய்புன்னிசா அதை மூலைக்கு மூலை, துணி பார்ப்பதுபோலவே பார்த்தாள்.

"ஏனுங்க, இதுல கம்பெனிப் பேரெழுத எடமே இல்லீங்களே!"

"இல்லே ஜெய்பு! இல்லவே இல்லே!" என்று அவர் குதித்த குதியில் சாயக்கிண்ணம் கவிழ்ந்தது.

அதற்கப்புறம் கை நிற்கவில்லை. பல்லடம் பஸ் நிற்பதற்கு முன்பே குதிக்கிறவர்கள், ஷிப்ட் முடிந்து சைக்கிளில் பாய்கிறவர்கள், டீக்கடை வாசலில் கூட்டமாக நின்று டம்ளரை மாற்றி எடுத்துவிடுகிறவர்கள். மீதி வருடம் போனதே தெரியவில்லை.

புதிதாகக் கட்டிய கம்பெனியில் மிஷின்கள் வந்து இறங்குவதற்கு முன், அந்தப் பெரிய ஹாலை ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்காட்சிக்குக் கொடுத்தார் ஆத்தப்பன். மழைப் படத்தின் முன்னால் நின்று தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "நடுவுல ஆருமே இல்லீங்களே பாய்?" என்றார். ஆனால் சாப்பிடப் போகும்வரை அந்த இடத்தைவிட்டு அவர் நகரவில்லை. நேர்காணலில் சிரித்த அம்மையாரும் சென்னையிலிருந்து வந்திருந்தார்.

தெய்வாத்தாளும் அவள் கூட்டமும் கல்யாணத்துக்குப் போகிற சேலை கட்டி, பூ வைத்துக்கொண்டு வந்தார்கள். வந்ததும் தகராறு.

"அந்தக் காலு என்னுதுங்க பாய். நாந்தான் மொதல்ல ஓடுனேன்" என்றாள் ஒருத்தி.

"உன்ற காலு எப்படீ அத்தனை அழகா இருக்கும்? அது என்ற காலு!"

அம்மையார் அவர்களோடு தரையில் உட்கார்ந்து, இரண்டு பேர் கட்சியையும் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லாமல் எழுந்துவிட்டார். யார் கால் என்று ஹிதாயத்துல்லாவுக்கும் தெரியாது. தெரியாது என்று சொன்னதற்கு இரண்டு பேரும் அவரைத் திட்டினார்கள்.

படங்கள் சென்னைக்கும், பிறகு டெல்லிக்கும் போயின. டெல்லிக்கு ஜெய்புன்னிசாவும் லீவு போட்டுவிட்டுக் கூடவே போனாள். திரும்பி வந்து அவர் லேபிள் வேலையைத் தொடர்ந்தார். அதுவும் அவருக்குப் பிடித்த வேலைதான். காலை நேரத்தை மட்டும் யாருக்கும் கொடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டார்.

அந்தக் காலை நேரத்திலும் பங்கு கேட்டு வந்தவள் தெய்வாத்தாள் ஒருத்திதான். தன் எருமையைப் படம் எழுதித் தர வேண்டும் என்றாள்.

"எப்படி எழுதோணுங்க?"

"அது எப்படி நிக்குதோ, அப்படி."

டி.வி.எஸ். மொபெட்டில் ஜெய்புன்னிசாவைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு போனார். எருமை ஒரு தடவைகூட அவர் பக்கம் திரும்பவில்லை. விசாலமான அதன் முதுகையும், ஈ ஓட்டுகிற வாலையும், வாலுக்கு அப்பால் வெயில் காயும் சோளத்தட்டையையும் ஆசை ஆசையாக வரைந்தார். தெய்வாத்தாள் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, உள்ளே நுழைந்ததும் தெரிகிற மாதிரி மாட்டிவைத்தாள்.

"ஊட்டுக்கு வர்றவங்கெல்லாம் மூஞ்சி எங்கீன்னு கேக்கறாங்க பாய்," என்றாள் அடுத்தமுறை பார்த்தபோது. "தண்ணி குடிக்கப் போயிருக்குதுன்னு சொல்லிப் போடறனுங்க."